சின்னத் தீவு நாடுகள் சமாதானம் பண்ணுமா, திண்ணை மட்டும்தான் தருமா?

ராப்பட்டினி (பழைய ராஜிந்தர் நகர்)

எல்லோருக்கும் வணக்கம். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு மூன்றாவது முயற்சியாகப் படித்துக்கொண்டிருக்கிற ஆள் நான், திட்டுவதென்றால் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள். நேற்று ராத்திரி மெஸ்ஸில் ரசம் ஆறிப்போகிற வரைக்கும் ஒரு வாக்குவாதம். பயிற்சிக் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு 'வட்டார அமைதியில் சிறு தீவு நாடுகள்'. அறைத்தோழன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "அதுங்க என்னடா பண்ணும்? பெரியவங்க உட்கார்ந்து பேச ஒரு ஓட்டல் கொடுக்கும், கூட நின்னு போட்டோ எடுத்துக்கும்."

அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. 2018 ஜூன் 12 அன்று டிரம்ப்பும் கிம்மும் சந்தித்தது சிங்கப்பூரின் செந்தோசாவில். 2015 நவம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் தைவான் அதிபர் மா யிங்ஜியோவும் கைகுலுக்கியதும் அதே சிங்கப்பூர்தான். 1989 டிசம்பரில் புஷ், கோர்பசேவ் சந்தித்தது மால்டா. அதற்கு மூன்று வருடம் முன்னால் ரேகனோடு கோர்பசேவ் உட்கார்ந்தது ஐஸ்லாந்து. எல்லாம் திண்ணைதான். வழிப்போக்கர்கள் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போவார்கள், வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைப்பார். இதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா? பாடப்புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும், நீங்கள் பார்த்தது கேட்டது படித்தது எதுவானாலும் சொல்லுங்கள்.

காரக்குழம்பு (கரோல்பாக்)

முதலில் ரசம் போடுகிற அந்த மெஸ் எங்கே என்று சொல்லுங்கள் தம்பி. வட்டார அமைதியை அப்புறம் பார்க்கலாம்.

கப்பல்சித்தப்பா (துவாரகா)

22 வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவன் நான். உன் அறைத்தோழன் கட்சிதான். திண்ணை கூடச் சும்மா வருவதில்லை, அந்த டிரம்ப், கிம் சந்திப்புக்கு சிங்கப்பூர் அரசு தன் கையிலிருந்து 1.6 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் செலவழித்தது. அவர்களால் முடியும், கொடுத்தார்கள். மற்ற தீவுகளுக்கு? தீவுக்கு இருக்கிற ஒரே சரக்கு அது இருக்கிற இடம். அதைத்தான் விற்கும். 2019-ல் சாலமன் தீவுகளும் கிரிபாட்டியும் தைவானை விட்டுவிட்டுச் சீனா பக்கம் போயின, 2024 ஜனவரியில் நவுரு. 2022-ல் சாலமன் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தமே போட்டது, ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கம் போனது. ஏலம் விடுகிறவனைச் சமாதானத் தூதன் என்று எழுதினால் திருத்துகிறவர் சிரிப்பார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 2010, 2011 வாக்கில் சோமாலியக் கடற்கொள்ளையர் பயத்தில் கப்பல் ஓரமெல்லாம் முள்கம்பி சுற்றிக்கொண்டு ஓடிய காலம். யாராவது கடற்படை கொள்ளையரைப் பிடிக்கும், பிடித்த பிறகு எங்கே கொண்டுபோவது என்று தெரியாது, பல தடவை சாப்பாடு தண்ணீர் கொடுத்துப் படகோடு விட்டுவிடுவார்கள். அப்போது செஷல்ஸ், மொத்தமே ஒரு லட்சம் பேர் உள்ள நாடு, சரி எங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றது. பிடித்தது அடுத்தவர் கடற்படை, குற்றவாளி அடுத்த நாட்டுக்காரன், விசாரணை இவர்கள் ஊரில், ஜெயிலும் இவர்கள் ஜெயில். இடம் போதாமல் தண்டனை பெற்றவர்களைப் பிறகு சோமாலியப் பக்கமே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கப்பலில் இருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதையும் அவர்கள் தங்கள் சூரை மீனுக்காகவும் சுற்றுலாவுக்காகவும்தான் செய்தார்கள்.

ஆர்கேபுரம் பெரியவர்

கப்பல்காரரே, தன் பிழைப்புக்காகச் செய்தது சமாதானத்துக்கு உதவினால் அதில் என்ன குறை? ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர் யார் தன் வயலை மறந்துவிட்டு உட்காருகிறார்?

ராப்பட்டினி தம்பிக்கு. நான் ஓய்வு பெற்று 14 வருடம் ஆகிறது, இந்த விஷயங்களின் ஓரத்தில் காகிதம் நகர்த்தி வாழ்ந்தவன். திண்ணை என்று சொன்னீர்கள், சரி, அந்தத் திண்ணையில் உட்காருகிறவர்களுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். 1967 நவம்பர் 1 அன்று மால்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ ஐ.நா. பொதுச்சபையில் நீளமாகப் பேசினார். ஆழ்கடலின் அடித்தரை எந்த நாட்டுக்கும் சொந்தமாகக் கூடாது, மனித குலத்தின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்றார். மால்டா சுதந்திரம் வாங்கி அப்போது மூன்றே வருடம். அங்கே தொடங்கிய பேச்சு கடல் சட்ட மாநாடாக வளர்ந்தது. மாநாட்டின் தலைவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க, 1980 டிசம்பரில் அவர் இறந்த பிறகு தலைமை ஏற்றவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1982 டிசம்பர் 10 அன்று கையெழுத்தானது ஜமைக்காவின் மாண்டிகோ பேயில், ஆழ்கடல் கனிமங்களைக் கவனிக்கிற ஆணையம் இன்றும் கிங்ஸ்டனில் இருக்கிறது. மால்டா, இலங்கை, சிங்கப்பூர், ஜமைக்கா, நான்கும் தீவு. 12 கடல்மைல், 200 கடல்மைல் என்று இன்று நாம் சொல்கிற கணக்கெல்லாம் அந்த ஏட்டில் உள்ளதுதான். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பாதிக் கடலில் மீனுக்கே துப்பாக்கி தூக்கியிருப்பார்கள்.

பெரிய நாட்டுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் கப்பற்படை இருக்கிறது. இவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

பாம்பன்காரி (லாஜ்பத் நகர்)

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். இலங்கை பெயரைச் சொன்னதால் கேட்கிறேன். நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பாவும் மாமாவும் கடலுக்குப் போனவர்கள். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா.வில் கொண்டுபோனது பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம்தானே? தீர்மானம் நிறைவேறிய நாள் 1971 டிசம்பர் 16. அன்றைக்குத்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த வருடம் முழுக்கப் பாகிஸ்தான் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போகும் வழியில் எண்ணெய் போட்டுக்கொண்டது கொழும்பில். அதே வருடம் ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியை அடக்க இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், ரஷ்யா என்று ஒருத்தர் விடாமல் உதவி வாங்கினார்கள். அப்புறம் உள்நாட்டில் எங்கள் சனத்துக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. கடலுக்கு அமைதி கேட்டவர்கள் கரையில் அதைக் கொடுத்தார்களா?

ஆர்கேபுரம் பெரியவர்

கொடுக்கவில்லை அம்மா. அதை மறுக்க நான் வரவில்லை. அந்தத் தீர்மானமும் 61 ஓட்டில் நிறைவேறியது, எதிர்த்து யாரும் இல்லை, 55 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் விலகி நின்றன. விலகி நின்றவர்களிடம்தான் கப்பல்கள் இருந்தன. ஆகவே அது காகிதத்தோடு நின்றது என்றும் சொல்லலாம்.

இருந்தாலும் 1962-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவோடு சண்டை நின்ற அடுத்த மாதமே, டிசம்பரில், இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா என்று ஆறு நாடுகளைச் சிறிமாவோ கொழும்பில் கூட்டினார். அந்த யோசனைகளை எடுத்துக்கொண்டு அவரே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் போனார். நேரு ஒத்துக்கொண்டார், சீனா கொள்கையளவில் சரி என்று சொல்லிவிட்டு நிபந்தனை போட்டது. எல்லைத் தகராறு தீரவில்லை, இன்று வரைக்கும் தீரவில்லை. ஆனால் நம்மோடு அவர்களோ அவர்களோடு நாமோ நேராகப் பேசும் நிலை இல்லாத அந்த வாரங்களில் இரண்டு வீட்டுக்கும் போய்வர ஒரு ஆள் இருந்தது, அதுவும் சும்மா இல்லை.

காரக்குழம்பு

திண்ணை இப்போது தூதுப் புறா ஆகிவிட்டது. தொடரட்டும்.

முனிர்கா மல்லி

ராப்பட்டினி, பசிபிக் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பக்கம்தான், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

பூகன்வில் என்று ஒரு தீவு. பப்புவா நியூகினியைச் சேர்ந்தது, வரைபடத்தில் பார்த்தால் சாலமன் தீவுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் பாங்குனா என்ற பெரிய செம்புச் சுரங்கம். லாபம் தலைநகருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும், சகதி அடைத்த ஆறு ஊர்க்காரர்களுக்கு. 1988 கடைசியில் வெடி வைக்க ஆரம்பித்தார்கள், 1989 மே மாதம் சுரங்கம் மூடியது, அடுத்த வருடம் அரசாங்கம் தீவைச் சுற்றி முற்றுகை போட்டது. மருந்துகூட உள்ளே போகவில்லை, கிடைத்ததெல்லாம் சாலமனிலிருந்து ராத்திரிப் படகில் வந்ததுதான். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத இடத்தில் 20 ஆயிரம் வரை செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நோயில் செத்தவர்களும் அதில் அடக்கம்.

1990-ல் ஒரு நியூசிலாந்துக் கப்பலில் இரண்டு தரப்பையும் ஏற்றி ஒப்பந்தம் போட்டார்கள், நிற்கவில்லை. 1991-ல் சாலமன் தலைநகர் ஹோனியாராவில் இன்னொன்று, அதுவும் போச்சு. 1994-ல் டோங்கா, பிஜி, வனுவாட்டு மூன்றும் சேர்ந்து ஆயுதத்தோடு ஒரு அமைதிப் படையை அனுப்பின, ஆராவா ஊரில் மாநாடு, ஆனால் கிளர்ச்சித் தலைவர்கள் வரவே இல்லை, படை சில வாரத்தில் மூட்டை கட்டியது. தீவு நாடுகள் தொட்டதெல்லாம் துலங்கியது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1997-ல் பப்புவா நியூகினி அரசு வெளிநாட்டுக் கூலிப்படையை அமர்த்தியது, சொந்த ராணுவமே அதை எதிர்த்துக் கிளம்பி, பிரதமர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லோரும் களைத்துப்போயிருந்த நேரம். ஜூலையில் நியூசிலாந்தின் பர்னம் ராணுவ முகாமில் பூகன்வில்காரர்களே முதலில் தங்களுக்குள் பேச உட்கார்ந்தார்கள், அரசாங்கத்தோடு அப்புறம்தான். அந்த வருடக் கடைசியில் கண்காணிப்புக் குழு வந்து இறங்கியது: நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி, வனுவாட்டு. இந்த முறை ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. ராணுவத்துக்காரர்கள் துப்பாக்கி இல்லாமல், கிடார் எடுத்துக்கொண்டு, குழுவில் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார்கள். பூகன்வில்லில் பெரும்பாலான இடங்களில் நிலம் தாய்வழிச் சொத்து. பெண்களோடு உட்கார்ந்து பேசத் தெரியாதவன் அங்கே யாரோடும் பேச முடியாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மொழி விஷயம். வனுவாட்டுக்காரர்கள் பேசுவது பிஸ்லாமா, பூகன்வில்லில் தோக் பிசின். நாகர்கோவில்காரரும் மதுரைக்காரரும் பேசிக்கொள்கிற மாதிரி ஒன்றுக்கொன்று புரியும். பெரிய நாட்டு அதிகாரி துபாஷி வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியை வனுவாட்டுச் சிப்பாய் ஒரு வெற்றிலைக் கிழவியிடம் நேராகக் கேட்டார்.

2001 ஆகஸ்ட் 30 அன்று ஆராவாவில் சமாதான ஒப்பந்தம். ஆயுதங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள், ஒரு சாவி அந்தந்தத் தளபதியிடம், இன்னொன்று ஐ.நா. ஆளிடம். 2019 கடைசியில் பொது வாக்கெடுப்பு, 98 சதவீதத்துக்கு மேல் தனி நாடு வேண்டும் என்றார்கள். அது பப்புவா நியூகினியைக் கட்டுப்படுத்தாத ஓட்டு, ஆகவே இழுபறி தொடர்கிறது. ஆனால் இழுபறி பேச்சில்தான் நடக்கிறது.

கப்பல்சித்தப்பா

மல்லி, நல்லாத்தான் எழுதுகிறாய். ஆனால் பணம் யார் கொடுத்தது? கப்பல், ஹெலிகாப்டர், ரேஷன் எல்லாம் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தானே. பிஜியும் வனுவாட்டும் கிடாருக்குத் தந்தி மாட்டியிருக்கும்.

முனிர்கா மல்லி

பணம் அவர்களுடையதுதான் சித்தப்பா. ஆனால் முற்றுகைக் காலத்தில் மேலே பறந்து சுட்ட ஹெலிகாப்டர்களும் ஆஸ்திரேலியா பப்புவா நியூகினிக்குக் கொடுத்தவைதான். அதனால் ஆஸ்திரேலியாக்காரர் தனியாக வந்து "நான் நடுநிலை" என்று சொல்லியிருந்தால் எந்த ஊரிலும் பாய் விரித்திருக்க மாட்டார்கள். பணம் இருந்தவரிடம் நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இருந்தவரிடம் பணம் இல்லை. இரண்டும் ஒரே படகில் வந்ததால்தான் இறங்க விட்டார்கள். இதை விலை போட்டுப் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன், நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

ராப்பட்டினி

அக்கா, இதை அப்படியே எழுதினால் அறைத்தோழன் வாயை மூடிவிடுவான். பூகன்வில் பெயரே அவனுக்குத் தெரியாது. எனக்கும் நேற்று வரை 'சாலமன் பக்கத்தில்' என்ற அளவுதான்.

நான் தேடினதில் ஒன்று. 2023 டிசம்பரில் வெனிசுவேலா, கயானாவின் எஸ்ஸெக்கிபோ பகுதி எங்களுடையது என்று வாக்கெடுப்பு நடத்திப் படையைக் காட்டியபோது, இரண்டு அதிபர்களையும் ஒரு அறையில் உட்கார வைத்தது கரீபியன் தீவு நாடான செயிண்ட் வின்சென்ட். அப்போதைய பிரதமர் ரால்ஃப் கொன்சால்வெஸ், இடம் அந்த நாட்டின் ஆர்கைல் விமான நிலையமே. டிசம்பர் 14 அன்று, ஒருவர் மேல் ஒருவர் படையைப் பயன்படுத்த மாட்டோம், மிரட்டவும் மாட்டோம் என்று அறிக்கை. அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம், நம் டில்லி துவாரகாவில் அதைவிட அதிகம். அதற்கு முன் 2020, 2021-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உறுப்பினராகவும் இருந்தது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிலேயே மிகச் சின்ன நாடு. உரிமைத் தகராறு அப்படியே இருக்கிறது, ஆனால் போர் வரவில்லை.

பாம்பன்காரி

விமான நிலையத்திலேயே பேசி முடித்து அனுப்பிவிட்டார்களா? நல்ல சாமர்த்தியம், ஊருக்குள் விட்டால் தங்கிவிடுவார்கள்.

காரக்குழம்பு

மாலத்தீவை ஏன் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள்? அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் 2024 ஜனவரியில் மாலத்தீவு டிக்கெட்டை ரத்து செய்து தேசப்பற்றைக் காட்டினார், பணம் திரும்ப வரவில்லை. இன்று நம்மோடு, நாளைக்குச் சீனாவோடு. இவர்களை நம்பி என்ன வட்டார அமைதி?

ஆர்கேபுரம் பெரியவர்

மாலத்தீவைச் சுற்றிப் போகக் காரணம் 1988. நமக்குக் கொஞ்சம் கூச்சமான கதை. அந்த வருடம் நவம்பர் 3 அன்று மாலேயில் இறங்கி அதிபர் கயூமைக் கவிழ்க்கப் பார்த்த கூலிப்படை, இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்த ஆட்கள். ஏவியவர் ஒரு மாலத்தீவு வியாபாரி. கயூம் உதவி கேட்டார், அன்று ராத்திரியே இங்கே பக்கத்தில் ஆக்ராவிலிருந்து பாராசூட் படை கிளம்பி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஹுல்ஹுலே தீவில் இறங்கியது. சில மணி நேரத்தில் முடிந்தது.

எல்லோரும் நம் படையின் வேகத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மாலத்தீவு என்ன செய்தது? ஒரு சில படகு ஆட்களால் கவிழக்கூடிய நாடு என்ற தன் பலவீனத்தையே ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. சிறு நாடுகளின் பாதுகாப்பைப் பற்றி 1989-ல் பொதுச்சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற வைத்தது. அதே வருடம் நவம்பரில் கடல்மட்ட உயர்வு பற்றிய மாநாட்டை மாலேயில் கூட்டியது, அடுத்த வருடம் சிறு தீவு நாடுகளின் கூட்டணியே பிறந்தது.

இன்னொன்று. 1997 மே மாதம் தெற்காசிய நாடுகளின் சார்க் மாநாடு மாலேயில். அங்கே நம் பிரதமர் குஜ்ராலும் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீபும் தனியாகச் சந்தித்தார்கள், அதன் தொடர்ச்சியாக ஜூனில் இஸ்லாமாபாதில் எட்டு விஷயங்களைப் பட்டியல் போட்டுப் பேச ஒத்துக்கொண்டார்கள். 2011 நவம்பரில் அட்டு தீவில் மன்மோகன் சிங்கும் கிலானியும். டில்லிக்குப் பாகிஸ்தான் பிரதமர் வந்தால் ஒரு மாதம் தொலைக்காட்சிகள் கத்தும், இஸ்லாமாபாதுக்கு நம் பிரதமர் போனாலும் அப்படியே. மாலேயில் சந்தித்தால் யாரும் யார் வீட்டுக்கும் போனதாகாது, மாநாட்டுக்குப் போன இடத்தில் பார்த்தோம் என்று சொல்லிவிடலாம். திண்ணையின் அருமை அதுதான் தம்பி, வாசல்படி ஏறாமல் பேசிவிடலாம். 2014 காட்மாண்டுவுக்குப் பிறகு சார்க் மாநாடே நடக்காததால் அந்தத் திண்ணையும் இப்போது இல்லை.

மற்றபடி மாலத்தீவு அதிபர் முய்சு விஷயம். அங்கே இருந்த நம் ராணுவத்தினர் நூறு பேர்கூட இல்லை, இரண்டு ஹெலிகாப்டரும் ஒரு டோர்னியர் விமானமும் பார்த்துக்கொண்டவர்கள். 2024 மே 10-க்குள் அவர்கள் போகவேண்டும் என்றார், போனார்கள், அவர்கள் இடத்தில் சீருடை இல்லாத தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள், அக்டோபரில் அவரே டில்லிக்கு வந்து விருந்து சாப்பிட்டார், 2025 ஜூலையில் அவர்கள் 60-வது சுதந்திர தினத்துக்கு நம் பிரதமர் போனார். இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவே குடியிருப்பவன் இரண்டு பக்கமும் சிரித்துத்தான் ஆகவேண்டும். அதைத் துரோகம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரிய வீட்டுக்காரனின் கோபம்.

கப்பல்சித்தப்பா

பெரியவரே, கடைசி வரி என்னைக் குத்திவிட்டது, பரவாயில்லை.

சரி, மொரீஷியஸ். போர்ட் லூயிக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், முதல் தடவை கையில் வாங்கியபோது கடைக்காரரிடம் சில்லறை வாங்காமலே நின்றுகொண்டிருந்தேன். அவர்களுடைய சாகோஸ் தீவுகளைச் சுதந்திரத்துக்கு முன்பே, 1965-ல், பிரிட்டன் வெட்டி எடுத்தது, டியகோ கார்சியாவை அமெரிக்கா தளமாக்கியது, அங்கே இருந்த சனத்தைக் கப்பலில் ஏற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். மொரீஷியஸிடம் துப்பாக்கியா இருக்கிறது? கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அவர்கள் பக்கம் கருத்துச் சொன்னது, மே 22 அன்று பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஆறே ஆறு. சரியாக ஆறு வருடம் கழித்து 2025 மே 22 அன்று பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. தளம் மட்டும் 99 வருடக் குத்தகை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறு எதிர்ப்பு ஓட்டில் ஒன்று மாலத்தீவு. இரண்டு தீவுக்கும் நடுவே கடல் எல்லைத் தகராறு. அதுவும் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2023 ஏப்ரலில் கோடு போட்டு முடிந்தது. அன்றைக்கு இரண்டு அரசும் ஏற்றுக்கொண்டன, மாலத்தீவில் மட்டும் உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. பெரிய நாடுகள் தீர்ப்பு வந்தால் என்ன செய்யும் என்று தென்சீனக் கடல் வழக்கில் சீனா ஏற்க மறுத்தபோது பார்த்தோமே. ஆகவே பெரியவர் சொன்ன சட்ட விஷயத்தை அரை மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

பாம்பன்காரி

சித்தப்பா, ஏற்றி இறக்கிய அந்தச் சனத்தை யாராவது கேட்டார்களா, ஒப்பந்தம் போடும்போது?

கப்பல்சித்தப்பா

இல்லை. அரசாங்கமும் அரசாங்கமும்தான் பேசின. எங்களை மேசையில் உட்கார வைக்கவில்லை என்று சாகோஸ்காரர்களில் பலர் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

பாம்பன்காரி

அதைத்தான் சொல்ல வந்தேன். 1974-ல் கச்சத்தீவு. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் நல்ல சிநேகம், கோடு போட்டு முடித்தார்கள், இரண்டு நாட்டுக்கும் நடுவே சண்டை வராமல் பார்த்துக்கொண்டதாக உங்கள் பாடப்புத்தகம் மெச்சும். அந்தக் கடலில் வலை காயப்போட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 50 வருடமாக அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்வருவதைத் தவிர மற்ற நாளெல்லாம் பயம்தான். என் மாமா படகு ஒரு தடவை பிடிபட்டு, ஆள் திரும்பி வந்தார், படகு வரவில்லை.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அப்பா ஏசுவார். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை போடுகிறவர்களும் தமிழர்தான். யுத்தத்தில் எல்லாம் இழந்து மறுபடி கடன் வாங்கிக் கடலில் இறங்கினவர்கள். எங்கள் விசைப்படகின் இழுவை மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு, கடல் தரையையும் வழித்துக்கொண்டு வருகிறது. இலங்கை 2017-ல் அந்த இழுவை மடிக்குத் தடைச் சட்டமே போட்டது. இரண்டு பக்க மீனவர்களும் பல தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அரசாங்கங்கள் பேசினால் அறிக்கை வரும். இவர்கள் பேசினால், எத்தனை நாள் வரலாம், எந்த வலையோடு வரலாம் என்று கணக்கு வரும். ராப்பட்டினி தம்பி, உங்கள் கட்டுரையில் 'தீவு நாடு' என்று எழுதும்போதெல்லாம் அந்தத் தீவில் யார் பேசினார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மல்லி சொன்ன பூகன்வில்லில் கிழவிகளைக் கேட்டதால்தானே நின்றது.

முனிர்கா மல்லி

பாம்பன்காரி, உங்கள் கேள்வி என் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயத்தையே மாற்றும் போலிருக்கிறது, நிஜமாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு இன்னும் இரண்டு மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரல் 24 அன்று மார்ஷல் தீவுகள், 40 ஆயிரம் பேர் உள்ள நாடு, அணு ஆயுதம் வைத்திருக்கிற ஒன்பது நாடுகள் மேலும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நம் மேலும்தான். அவர்கள் கடலில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுச் சோதனை நடத்தியது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்று வழக்கு மட்டும் விசாரணைக்கு நின்றன. 2016 அக்டோபரில் மூன்றையும் தள்ளிவிட்டார்கள், பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு, தலைவரின் கூடுதல் ஓட்டால்தான் போனது. தோற்ற வழக்குதான். ஆனால் டில்லியில் அணு ஆயுதம் பற்றிப் பேசும் கூட்டங்களில் இப்படி ஒரு வழக்கு நம் மேல் நடந்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

இரண்டாவது, பிஜி. 1978 முதல் லெபனானில் ஐ.நா. அமைதிப் படைக்கு ஆள் அனுப்பிய நாடு. அங்கே 1987-ல் இரண்டு தடவை ராணுவப் புரட்சி செய்து, கரும்புக் காட்டுக்கு வந்த நம்மவர்களின் வழித்தோன்றல்களை நாட்டை விட்டு ஓடவைத்தவர் சிதிவேனி ரபுகா. இன்று பசிபிக்கை 'அமைதிக் கடல்' ஆக்குவோம் என்று முன்வைத்ததும் அதே ரபுகா, 2025 செப்டம்பரில் ஹோனியாராவில் பசிபிக் தலைவர்கள் அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மனிதர் மாறியிருக்கலாம், கணக்கும் மாறியிருக்கலாம். என் விருப்பம், பூகன்வில்லில் நடந்ததை வைத்து இந்தத் தீவுகளைப் பாராட்டவேண்டும், அறிக்கைகளை வைத்து வேண்டாம்.

ராப்பட்டினி

எழுதத் தொடங்கிவிட்டேன். திண்ணையை விடமாட்டேன், ஆனால் வாசல்படி ஏறாமல் பேசுவது என்ற பெரியவர் பேச்சிலிருந்து தொடங்குகிறேன், அடுத்து பூகன்வில், அங்கிருந்து பாம்பன் அக்கா கேள்வி. 1,000 சொல்லுக்குள் மால்டா வரைக்கும் போக முடியுமா தெரியவில்லை. அறைத்தோழன் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு, "கிடார் எதுக்குடா?" என்று மட்டும் கேட்டான்.

ஆர்கேபுரம் பெரியவர்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க நூலகப் பக்கம் வந்தால் பழைய வரைபடப் புத்தகம் ஒன்று கொண்டுவருகிறேன். அதில் பூகன்வில் இருக்கிறது. செயிண்ட் வின்சென்ட்டுக்கு மட்டும் பூதக்கண்ணாடி வேண்டும்.

காரக்குழம்பு

நானும் வருகிறேன். மெஸ் முகவரியை இன்னும் யாரும் சொல்லவில்லை.